வட்டியும் வீடும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பூலித்தேவர் காலத்துக் கோட்டையால் வரலாற்றில் பெயர் பெற்ற ஊர் வாசுதேவநல்லூர். அவ்வூரில் பல ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சில வாரங்களுக்கு முன், என்னிடம் பயின்று இன்று தாமும் ஓர் ஆசிரியராக விளங்கும் மாணவர் ஒருவர் தம் மனைவியுடன் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்து சென்ட் மனை ஒன்று அவரிடம் உண்டு. வீடு கட்ட வேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாளைய விருப்பம்.

"ஐயா, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கட்டத் தொடங்கியிருப்போம். வட்டி ஏறிவிட்டது என்று நிறுத்தி வைத்தோம். இப்போது இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கும் என்கிறார்கள் சிலர். மறுபடியும் ஏறும் என்கிறார்கள் சிலர். இப்பொழுது கடன் வாங்கலாமா, காத்திருக்கலாமா?" என்று அவர் கேட்டார்.

வரலாறு கற்பித்தவனுக்கு வருங்காலம் தெரியாது. சென்ற காலம் ஓரளவு தெரியும். ஆகவே அவர் கேள்விக்கு உடனே விடை கூறாமல், வட்டியின் கதையைச் சிறிது நேரம் அவருக்குச் சொன்னேன். அன்று சொன்னவற்றையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைக் கூறிவிடுகிறேன். நூற்றுக்கு இத்தனை என்று சொல்லப்படும் வட்டி ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணைத் தனியே வைத்துப் பார்த்தால் அது உயர்வா தாழ்வா என்பது விளங்காது. அதனோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்த வட்டிக்குக் கடன் யாருக்குக் கிடைக்கிறது? எந்த வருவாயிலிருந்து அது கட்டப்படுகிறது? கடன் என்றைக்குத் தீர்கிறது? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின்தான் வட்டியைக் கண்டு அஞ்சவோ மகிழவோ நமக்கு உரிமை உண்டு.

மிகப் பழைய காலத்திலிருந்து தொடங்குவோம். கௌடலியரின் அர்த்த சாத்திரம், நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணம் வட்டி என்பதை நேர்மையான அளவாகக் கூறுகிறது. ஆண்டுக் கணக்கில் அது நூற்றுக்கு 15 ஆகும். ஆனால் வணிகருக்கு மாதம் 5 பணம், காட்டு வழியே பொருள் கொண்டு செல்வோருக்கு 10 பணம், கடல் வணிகருக்கு 20 பணம் என்றும் அந்நூல் வகுக்கிறது. பணம் திரும்பி வருமா என்னும் ஐயம் எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவுக்கு வட்டியும் மிகும் என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

நம் தமிழகத்துக்கு வருவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட காசு ஊர்ச் சபைகளிடம் வட்டிக்குக் கொடுக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. அதாவது நூற்றுக்கு 12.5. சில இடங்களில் இவ்வட்டி காசாக அன்றிக் காசொன்றுக்கு முக்குறுணி நெல் என நெல்லாகவே அளக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கோயிலே கடன் கொடுத்தபோதும் வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டரை என்பதை மனத்தில் கொள்ளுங்கள். அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. அந்த முதல் திரும்பி வருவதற்காகக் கொடுக்கப்பட்டதன்று. ஆண்டுதோறும் விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் வட்டி வந்துகொண்டே இருக்க வேண்டும். முதல் அப்படியே நிற்க வேண்டும். தீராத கடன் அது. ஓர் ஊர்ச் சபை அத்தகைய கடனைத் தாங்கலாம். ஒரு குடும்பம் தாங்க முடியாது. மூன்றாவது கேள்வி ஏன் தேவை என்பதற்கு இது ஒரு சான்று.

இனி நம் பாட்டனார் காலத்துக்கு வருவோம். நம் பகுதியில் வீட்டின்மீதும் நிலத்தின்மீதும் கடன் வாங்கும் முறைகள் பல இருந்தன. அடமானம் ஒரு வகை. ஒத்தி மற்றொரு வகை. ஒத்தியில் வட்டி என்ற சொல்லே வாராது. கடன் கொடுத்தவர் நிலத்தையோ வீட்டையோ தாமே அனுபவித்துக் கொள்வார். முதலைத் திருப்பிக் கொடுத்த அன்று சொத்தை விடுவார். வட்டி இல்லாக் கடன் என்று பேச்சுக்குச் சொல்லலாம். உண்மையிலோ நிலத்தின் விளைவு முழுவதும் வட்டியாகப் போயிற்று. என் பாட்டனார் ஒரு கல்யாணச் செலவுக்காகக் குளத்துப் பாசனத்தில் இருந்த சிறு வயலை ஒத்திக்கு வைத்தார். அதை மீட்க என் தந்தையாருக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டுகளும் அதே வயலில் எங்கள் குடும்பம் கூலிக்கு நடவு செய்தது. அந்த ஒத்திப் பத்திரத்தில் வட்டி விகிதம் என்று ஒரு வரிகூட இல்லை. விளைந்த நெல்லைக் கணக்கிட்டுப் பார்த்தால், கொடுத்த தொகையைப்போல் பல மடங்கு வட்டியாகச் சென்றிருக்கும்.

எனினும், மீட்கும் உரிமை என்று ஒன்று இருந்தமையால்தான் அந்த வயல் திரும்பி வந்தது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் ஈட்டின் வகைகளைப் பிரித்துக் கூறியதோடு, கடனைச் செலுத்திச் சொத்தை மீட்டுக்கொள்ளும் உரிமையையும் ஈடு வைத்தவனுக்கு உறுதிப்படுத்தியது. மூலப் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் பெறும் முறையும் அச்சட்டத்தில் இடம்பெற்றது. இன்று வங்கியில் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்குகிறோமே, அது பெரும்பாலும் இம்முறையே. அப்போது வயல் கைமாறியது. இப்போது பத்திரம் மட்டுமே கைமாறுகிறது. வீட்டில் நாமே குடியிருந்துகொண்டு கடனைக் கட்டுகிறோம். இஃது எத்தகைய முன்னேற்றம் என்பது ஒத்தி வைத்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கே முழுமையாக விளங்கும்.

பெரிய நகரங்களில் நடுத்தரக் குடும்பத்தார் வேறொரு வழியையும் கண்டனர். தம் சேமிப்பைத் தாமே திரட்டித் தமக்குள்ளேயே ஈட்டின்பேரில் கடன் கொடுத்துக்கொள்ளும் நிதிகளைத் தொடங்கினர். 1872-இல் தோன்றிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு இவ்வகையில் பெயர் பெற்றது. சிற்றூர்களுக்கும் இத்தகைய உதவி வேண்டும் என்னும் எண்ணத்தால் சென்னை அரசு பிரெடெரிக் நிக்கல்சனை ஆராயப் பணித்தது. அவருடைய அறிக்கை 1895-க்கும் 1897-க்கும் இடையே வெளிவந்தது. அதன் பயனாக 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டம் திரூரில் ஒரு கடன் சங்கம் அமைந்தது. பெங்களூரில் 1909-இல் வீடு கட்டுவதற்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது.

இத்தனை முயற்சிகளுக்கும் இடையில் 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் வந்தது. வட்டியைப் பற்றிச் சிந்திப்போர் இந்த ஒரு நிகழ்ச்சியைக் கட்டாயம் கற்க வேண்டும். நம் செட்டிநாட்டு நகரத்தார் கடல் கடந்து சென்று பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் உழவருக்கு நிலத்தின்பேரில் கடன் கொடுத்து வந்தனர். நிலத்தைத் தாமே வைத்துக்கொள்வது அவர்கள் நோக்கமன்று. பணம் சுழல வேண்டும் என்பதே அவர்கள் தொழில். மந்தம் வந்ததும் நெல்லின் விலை சில ஆண்டுகளிலேயே பாதியளவுக்கு வீழ்ந்தது. உழவன் கட்ட வேண்டிய வட்டி விகிதம் ஏறவில்லை. அவன் பத்திரத்தில் எழுதியது எழுதியபடியே இருந்தது. ஆனால் முன்பு ஒரு மூட்டை நெல் விற்றுக் கட்டிய தொகைக்கு இப்போது இரண்டு மூட்டை விற்க வேண்டியதாயிற்று. கடன்கள் முறிந்தன, நிலங்கள் கை மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 அளவாக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1930-களின் இறுதியில் நூற்றுக்கு 25 அளவாயிற்று. உழவன் நிலத்தை இழந்தான். கடன் கொடுத்தவருக்கோ பணத்துக்குப் பதிலாக, விற்க முடியாத நிலமும் அந்நாட்டாரின் பகையும் மிஞ்சின.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? குடும்பங்களை அழித்தது வட்டியின் ஏற்றமன்று, வருவாயின் வீழ்ச்சி. கடனின் பாரத்தை வட்டி எண்ணால் மட்டும் அளப்பவர், தராசின் ஒரு தட்டை மட்டும் பார்ப்பவர் ஆவர். மற்றொரு தட்டில் நம் வருவாய் இருக்கிறது.

நம் மாநிலத்திலும் அந்த மந்தம் உழவரை வாட்டியது. அப்போது இராசாசி அவர்கள் தலைமையில் அமைந்த சென்னை அரசு, 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ரூபாய்க்கு ஆண்டுக்கு ஓரணா, அதாவது நூற்றுக்கு 6.25 என்று வட்டிக்கு அது வரம்பு கட்டியது. பழைய கடன்களில் நின்றுபோன வட்டி தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடன் தீர்ந்ததாகவே கொள்ளப்பட்டது. வட்டிக்கு வட்டி ஏறி முதலை விழுங்கும் கொடுமைக்கு அச்சட்டம் ஓர் அணை போட்டது.

ஆயினும், சட்டத்தில் எழுதிய வட்டி கடைத்தெருவில் கிடைக்கும் வட்டி ஆகிவிடாது. இந்திய ரிசர்வ் வங்கி 1935-இல் தொடங்கப்பட்டது. அதன் வங்கி விகிதம் அவ்வாண்டு நவம்பர் முதல் 1951 நவம்பர் வரை, பதினாறு ஆண்டுகள், நூற்றுக்கு 3 என்ற அளவிலேயே இருந்தது. இன்று அந்த எண்ணைக் கேட்போர் அது பொற்காலம் என்று எண்ணக்கூடும். 1951-52-இல் நடந்து 1954-இல் அறிக்கை வெளிவந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு வேறொரு உண்மையைக் காட்டிற்று. சிற்றூர்க் குடும்பங்கள் பெற்ற கடனில் வணிக வங்கிகளின் பங்கு நூற்றுக்கு 0.9, கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3.1. லேவாதேவிக்காரர்களின் பங்கோ ஏறத்தாழ 70. மூன்று விழுக்காட்டு வட்டி பம்பாயிலும் சென்னையிலும் இருந்தது. வாசுதேவநல்லூரில் அது இல்லை. நமக்குக் கிடைக்காத வட்டி எவ்வளவு தாழ்ந்திருந்தால்தான் நமக்கு என்ன? முதற் கேள்வியை நான் முதலில் வைத்ததன் காரணம் இதுவே.

அந்தக் கதவு மெல்ல மெல்லத்தான் திறந்தது. 1956-இல் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வீடு கட்ட முன்பணம் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 1969-இல் பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. கிளைகள் சிற்றூர்களுக்கும் வந்தன. 1970-இல் ஹட்கோ நிறுவனமும், 1977-இல் எச்.டி.எஃப்.சி. நிறுவனமும், 1988-இல் தேசிய வீட்டுவசதி வங்கியும் தோன்றின. சம்பளக்காரன் ஒருவன் பதினைந்து இருபது ஆண்டுத் தவணையில் வீடு கட்டலாம் என்னும் எண்ணமே நம் நாட்டில் அரை நூற்றாண்டு வயதுடையதுதான்.

கதவு திறந்த காலத்தில் வட்டி எப்படி இருந்தது? 1991-இல் நாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் சிக்கியபோது வங்கி விகிதம் 12 விழுக்காட்டைத் தொட்டது. அந்தப் பத்தாண்டின் நடுவில் வீட்டுக் கடன் வட்டி 15 விழுக்காட்டை எட்டிற்று. அதைத் தாண்டியதும் உண்டு. இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. செல்வம் மிக்க நாடுகளும் இத்தகைய காலத்தைக் கண்டவையே. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதம் 1979 நவம்பரில் 17 ஆயிற்று. அமெரிக்காவில் முப்பதாண்டு வீட்டுக் கடனின் சராசரி வட்டி 1981 அக்டோபரில் 18 விழுக்காட்டைக் கடந்தது. அதே நாட்டில் 2021 சனவரியில் அது 2.65 வரை இறங்கி, 2023 அக்டோபரில் மீண்டும் 7.79 வரை ஏறிற்று. ஏறுவதும் இறங்குவதும் வட்டியின் இயல்பு என்க.

1996-இல் நான் வீடு கட்டினேன். வட்டி நூற்றுக்குப் பதினைந்து. பதினைந்து ஆண்டுத் தவணை. என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போயிற்று. உறவினர் பலர், "இந்த வட்டிக்கு யாராவது வீடு கட்டுவார்களா? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கடிந்துகொண்டனர். சில ஆண்டுகளில் ஊதியத் திருத்தம் வந்தது. வட்டியும் பின்னர் இறங்கிற்று. பத்தாவது ஆண்டில் அத்தவணை என் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. நான் வல்லவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அன்று விலைவாசி ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து ஏறிக்கொண்டிருந்தது. சம்பளமும் அதைப் பின்தொடர்ந்தது. பதினைந்தில் பத்தைக் கழித்தால் மெய்யான பாரம் ஐந்துதான். 2016 முதல் விலைவாசி ஏற்றத்தை நூற்றுக்கு 4 என்ற அளவில் நிறுத்துவதை ரிசர்வ் வங்கி தன் இலக்காகக் கொண்டுள்ளது. அந்த இலக்கு நிறைவேறும் காலத்தில் எட்டரை விழுக்காட்டில் கடன் வாங்குபவருக்கு மெய்யான பாரம் நாலரை. பதினைந்துக்கும் எட்டரைக்கும் இடையே மலைபோல் தோன்றும் வேறுபாடு, இப்படிக் கழித்துப் பார்க்கும்போது அரையாகச் சுருங்கிவிடுகிறது. ஆயினும், இக்காலத்துத் தனியார் வேலைகளில் சம்பளம் அப்படி ஏறும் என்னும் உறுதி இல்லை. ஆதலின் நாளைய சம்பளத்தை நம்பி இன்று கடன் வாங்குவது என் தலைமுறைக்கு வாய்த்த அளவுக்கு எல்லோர்க்கும் வாய்க்கும் என்று கொள்ளலாகாது.

இனி, அண்மைக் கால வரலாறு. 2020 மே மாதத்தில் கொள்ளைநோயின் நெருக்கடியால் ரெப்போ விகிதம் 4 ஆகக் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வீட்டுக் கடன் 6.7 விழுக்காட்டுக்கே கிடைத்தது. என் வாழ்நாளில் அப்படியொரு வட்டியை நான் கண்டதில்லை. பிறகு 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 வரை ஏறிற்று. 2025-இல் படிப்படியாக இறங்கி அவ்வாண்டு டிசம்பரில் 5.25 ஆயிற்று. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் மாறும் வட்டியில் கொடுக்கும் புதிய வீட்டுக் கடன்களை இத்தகைய வெளி விகிதம் ஒன்றோடு இணைக்க வேண்டும் என்று விதி செய்யப்பட்டமையால், இந்த ஏற்ற இறக்கம் கடனாளியின் வீட்டுக்கு விரைவில் வந்து சேர்கிறது.

மிகத் தாழ்ந்த வட்டியில் கடன் வாங்கியவர் நிலை பின்னர் என்ன ஆயிற்று? ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். 20 இலட்சம் ரூபாயை 6.7 விழுக்காட்டில், 20 ஆண்டுத் தவணையில் ஒருவர் வாங்கினார் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 15,150 ரூபாய். ஒன்றரை ஆண்டில் முதலில் முக்கால் இலட்சம் கழிந்திருக்கும். அப்போது வட்டி 9.2 ஆகிறது. மாத வட்டி மட்டுமே சுமார் 14,750 ரூபாய். தவணையை உயர்த்தாமல் அப்படியே கட்டினால் முதலில் மாதம் 400 ரூபாய்தான் கழியும். வட்டி அதே அளவில் நீடித்தால் அக்கடன் தீர மேலும் 40 ஆண்டுகள் ஆகும்! பெற்ற மகன் கட்ட வேண்டிய கடன் அது. ஒத்திக்குப் போன எங்கள் வயலே என் நினைவுக்கு வருகிறது. தாழ்ந்த வட்டி ஒரு வரமே; ஆனால் அது நிலைக்கும் என்று நம்பித் தாங்கக்கூடிய எல்லைவரை கடன் வாங்கியவருக்கு அதுவே வினையாயிற்று. இத்தகைய நிலையைக் கண்டே, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்பதைக் கடனாளியே தேர்ந்துகொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்று 2023-இல் ரிசர்வ் வங்கி பணித்தது.

நேயர்களே! இவ்வளவும் சொன்னபின், என்னைக் காண வந்த மாணவரிடம் ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுத்து, "தம்பி, உன் கணக்கை எழுது" என்றேன். வீட்டின் மதிப்பீடு 26 இலட்சம். எட்டரை விழுக்காட்டில் வங்கி தரச் சம்மதித்தது 20 இலட்சம். கையில் இருந்த சேமிப்பு 3 இலட்சம். மாதம் கைக்கு வரும் சம்பளம் 45,000.

"மீதி மூன்று இலட்சம்?" என்று கேட்டேன்.

அவர் சற்றுத் தயங்கினார். "தெரிந்தவர் ஒருவர் புரோநோட்டின் பேரில் தருகிறேன் என்றிருக்கிறார், ஐயா. மூன்று ரூபாய் வட்டி" என்றார்.

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்! ஆண்டுக்கு 36. வங்கி வட்டி கால் விழுக்காடு இறங்குமா என்று மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர், இந்த முப்பத்தாறை ஒரு பொருட்டாகக் கருதவில்லை. 20 இலட்சத்துக்கு, எட்டரை விழுக்காட்டில் இருபது ஆண்டுகளுக்கு வங்கித் தவணை 17,356 ரூபாய். அதில் வட்டியும் அடங்கும், முதலும் அடங்கும். 3 இலட்சத்துக்குப் புரோநோட்டு வட்டி மட்டுமே மாதம் 9,000 ரூபாய். முதலில் ஒரு காசும் கழியாது. இரண்டையும் கூட்டினால் 26,356. அதே 20 இலட்சத்தை 15 விழுக்காட்டில் வாங்கியிருந்தால் மாதத் தவணை 26,336 ஆகியிருக்கும். அதாவது, அந்த மூன்று இலட்சத்தைச் சேர்த்துக்கொண்ட நொடியிலேயே அவர் நான் வீடு கட்டிய காலத்து வட்டிக்குத் திரும்பிப் போய்விடுகிறார். எனக்கிருந்த விலைவாசி ஏற்றமும் ஊதியத் திருத்தமும் அவருக்கு இருக்கும் என்பதற்கு உறுதியும் இல்லை. சம்பளத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே போகும். அந்த 3 இலட்சமோ தீராமல் அப்படியே நிற்கும்.

கந்துவட்டியின் கொடுமையை நம் பகுதி மறக்க முடியாது. அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன் பின்னரும், 2017 அக்டோபரில், கடன் தொல்லையால் மனம் உடைந்த ஒரு குடும்பம் இரண்டு பிஞ்சுக் குழந்தைகளோடு திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உயிரை மாய்த்துக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உணவு இறங்கவில்லை. வட்டி என்பது நாளிதழின் வணிகப் பக்கத்துச் செய்தி மட்டுமன்று. உயிர்களைத் தொடும் செய்தி.

என் மாணவருக்கு நான் கூறிய யோசனைகள் எளியவை. மதிப்பீட்டை 23 இலட்சத்துக்குள் சுருக்குக. ஓர் அறை பின்னால் எழும்பட்டும். தவணை கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டாதிருக்கட்டும். வட்டி இன்னும் ஒரு விழுக்காடு ஏறினால் மாதம் சுமார் 1,300 ரூபாய் கூடும். அதைத் தாங்க முடியுமா என்று இன்றே பார்த்துக்கொள்க. வட்டி இறங்கும்போது தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைத்துக்கொள்க. இருபது ஆண்டுக்கு 17,356 கட்டுவதற்குப் பதிலாகப் பதினைந்து ஆண்டுக்கு 19,695 கட்ட முடிந்தால், மொத்தத்தில் ஆறு இலட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். உபரிப் பணம் வந்தால் முதலில் கட்டிவிடுக. தனிமனிதர் பெறும் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்னதாக அடைப்பதற்கு வங்கிகள் தண்டம் விதிக்கலாகாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருக்கிறது.

"இப்பொழுது வாங்கலாமா, காத்திருக்கலாமா?" என்ற கேள்வி அதன்பின் எழவில்லை. காத்திருந்த மூன்று ஆண்டுகளில் அவர் கொடுத்த வாடகை திரும்பி வாராது. செங்கல்லும் சிமெண்டும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. கணவனும் மனைவியும் வரைபடத்தை விரித்து, எந்த அறையை விடுவது என்று என் திண்ணையிலேயே பேசத் தொடங்கிவிட்டனர். புரோநோட்டுக்காரருக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டதாக மறுநாள் தகவல் வந்தது.

கடன் முழுவதும் தீர்ந்த முப்பது நாள்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு செலுத்த வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த விதி கூறுகிறது. எங்கள் வயலின் ஒத்திப் பத்திரத்தை மீட்டுக்கொண்டு வந்த அன்று, என் தந்தையார் அதை மாடத்து விளக்கின்முன் வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தார். என் மாணவரும் ஒருநாள் தம் வீட்டுப் பத்திரத்தை அவ்வாறே கொண்டுவருவார். அந்த நாள் எந்த ஆண்டில் வரும் என்பதை முதலிலேயே கணக்கிட்டுக்கொண்டு கடன் வாங்குங்கள் என்பதே உங்கள் அனைவருக்கும் என் வேண்டுகோள்.